டோக்கனுக்கும் இருக்கைக்கும் என்ன முடிச்சு?

கேள்வி: தினமும் காலை எட்டரை மணிக்குப் பேருந்து பிடித்துப் பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் நாங்கள் நிற்கிறோம். இலவச டோக்கனில் வரும் முதியவர்கள் உட்கார்ந்து வருகிறார்கள். வெளிநாடுகளில் இருப்பதுபோல் நெரிசல் நேரத்தில் டோக்கன் செல்லாது என்று இங்கும் அறிவித்தால் என்ன? (திருவொற்றியூர் வாசகர் ஒருவர்)

பதில்: முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் அறுபது கடந்துவிட்டது. டோக்கன் வாங்கியதில்லை, அதற்குக் காரணம் சோம்பலே தவிர, கொள்கை அன்று.

நீங்கள் குறிப்பிடும் வெளிநாட்டு ஏற்பாடு உண்மைதான். இங்கிலாந்தில் முதியோர் 2008 ஏப்ரல் முதல் நாடெங்கும் உள்ளூர்ப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். ஆனால் அந்த உரிமை வார நாட்களில் காலை 9.30 மணிக்குத்தான் தொடங்குகிறது. லண்டனில் ஒன்பது மணி. சில உள்ளாட்சிகள் தம் செலவிலேயே அந்த நேரத்தைத் தளர்த்தியும் இருக்கின்றன. ஆனால் அனுமதிக்கப்பட்ட நேரத்திற்குள் அங்கே ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். நம் மாநகர் போக்குவரத்துக் கழகம் 2016 முதல் சென்னைவாசிகளான அறுபது வயது கடந்தவர்களுக்குத் தருவது மாதத்திற்குப் 10 டோக்கன்கள். ஒரு முறை பேருந்து ஏறினால் ஒரு டோக்கன் போய்விடும். ஒரே பேருந்தில் போய் வருகிறவருக்கு மாதத்தில் ஐந்து நாள் பயணம். வழியில் ஒரு பேருந்து மாற வேண்டியவராக இருந்தால், இரண்டு முறை போய் வந்து மூன்றாம் முறை போய்ச் சேர்வார். திரும்பி வர டோக்கன் இருக்காது. அவர்களுடைய தாராளத்தை விட்டுவிட்டுக் கட்டுப்பாட்டை மட்டும் இறக்குமதி செய்யச் சொல்வது என்ன நியாயம்?

அந்தப் பத்தையும் ஏன் காலையில் செலவழிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ஜி.எச். ஆனாலும் வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி ஆனாலும் வெளிநோயாளர் சீட்டுக்கு வரிசை நிற்பது காலையில்தான். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் பத்தரை மணிக்குப் புறப்பட்டால், அன்றைக்குப் பரிசோதனையும் நடக்காது, பசியும் பொறுக்காது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருகிறவர் யார் என்பதையும் உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். பொழுது போகாமல் எட்டரை மணிப் பேருந்தில் ஏறி நசுங்குகிற கிழவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இனி, உங்களை உண்மையில் உறுத்துகிற ‘இலவசம்’. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்கள் எவருக்கும் கட்டணம் இல்லை; அதில் ஏறும் பாட்டிக்கு டோக்கனே தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளும் இலவசப் பாஸில்தான் வருகிறார்கள். காசு கொடுத்தவருக்கே இருக்கை என்று விதி வகுத்தால், உங்களோடு அதே நேரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். அதை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் உங்கள் பேருந்திலேயே கிடைத்திருக்கும். டோக்கன் ஈடுசெய்வது பயணக் கட்டணத்தை மட்டுமே. ஐந்து ரூபாய் டிக்கெட் வாங்கிய எழுபது வயதுக்காரருக்கும் டோக்கன் கொடுத்த எழுபது வயதுக்காரருக்கும் முழங்கால் ஒன்றுதான்.

நின்று வருவது உங்களுக்குச் சிரமம். அவருக்கோ அது ஆபத்து. ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் நீங்கள் முன்னால் நிற்பவர்மீது சாய்ந்து, மன்னிப்புக் கேட்டு நிமிர்ந்துவிடுவீர்கள். மேல்கம்பியை எட்டிப் பிடிக்க முடியாதவர் விழுந்தால், இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரும். அதற்கு முன்பே, உயரமான படிகளில் ஏறுவது ஒரு சோதனை. 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள் இதை ஓரளவு எளிதாக்கியிருக்கின்றன; ஆனால் அவை எல்லாத் தடங்களிலும் இல்லை.

முதியோருக்கென்று ஒதுக்கிய இருக்கையை யார் மீட்டுத் தருவது என்பதுதான் விடை கிடைக்காத கேள்வி. சென்னையில் நடத்துநர் பெரும்பாலும் தம் இருக்கையை விட்டு எழுவதில்லை. நாம்தான் கைமாற்றிக் கைமாற்றிக் காசை அனுப்பிச் சீட்டைப் பெறுகிறோம். (மீதிச் சில்லறை பத்துக் கை மாறியும் உரியவரிடம் வந்து சேருவது இந்த நகரத்தின் பெருமைகளுள் ஒன்று.) கூட்டத்தைப் பிளந்து வந்து ‘எழுந்திருங்கள்’ என்று சொல்ல அவரால் இயலாது. ஆகவே அந்தப் பொறுப்பு அருகில் நிற்பவர்மீது விழுகிறது. அருகில் நிற்பவரோ வம்பு எதற்கு என்று வெளியே பார்க்கிறார்.

நெரிசல் உண்மையானது என்பதை மறுக்கவில்லை. அதற்குக் கேட்க வேண்டியது காலையில் கூடுதல் நடைகள். மருத்துவமனைகளில் முதியோருக்குப் பிற்பகல் வெளிநோயாளர் நேரம். அந்த மனுவில் நானும் கையெழுத்திடுகிறேன்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. நீங்கள் நின்றுகொண்டு வந்த அந்தப் பேருந்தில், ‘மூத்த குடிமக்கள்’ என்று எழுதியிருந்த இருக்கைகளில் அமர்ந்திருந்தவர்களுக்கு என்ன வயதிருக்கும்? அடுத்த முறை பார்த்து எழுதுங்கள்.