சுவை எப்படி வேலை செய்கிறது என்று வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முடியுமா?

தாராளமாக முடியும். ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் சிறுகுறிஞ்சானைத் தேர்ந்தெடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் பொடியாகக் கிடைக்கும். செடியை அறிந்தவர் பறித்துக் கொடுத்தால் பச்சை இலையையே மெல்லலாம்.

முதலில் ஒரு சிட்டிகை சர்க்கரையைச் சுவைக்கச் சொல்லுங்கள். பிறகு பொடியை நாக்கு முழுக்கப் படும்படி ஒரு நிமிடம் வைத்திருந்து, துப்பி, நன்றாக வாய் கொப்பளிக்க வேண்டும். கசக்கும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இப்போது அதே சர்க்கரையைக் கொடுங்கள். ஆற்று மணலைப் போல நறநறவென்று அரைபடும், கரைந்தும் போகும், ஆனால் தித்திக்காது. கடலைமிட்டாயில் வறுத்த கடலை மட்டும் தெரியும். ஆரஞ்சுச் சுளை வெறும் புளிப்பாகிவிடும். உப்புக்கு ஒரு மாற்றமும் இருக்காது.

இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரை வாய்க்குள் இருந்தும் மூளைக்குச் செய்தி போவதில்லை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இனிப்பு சர்க்கரைக்குள்ளேயே இருக்கிறது என்று நம்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் இதைத் தவிர்க்கட்டும். இந்த மூலிகை ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. மற்ற சோதனைகளையும் அதே நாளில் செய்வதானால் இதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அடுத்தது மூக்கு. சர்க்கரையில் ஏலக்காய்ப் பொடி கலந்து, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சாப்பிடச் சொல்லுங்கள். கண்ணும் மூடியிருந்தால் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். வாயில் இருக்கும்போதே மூக்கை விட்டதும் ஏலக்காய் குப்பென்று வரும். வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் மணம்தான் அது. சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பதும் இதனால்தான்.

நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று நாக்கைப் பிரித்த படத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். 1901இல் ஜெர்மானியரான ஹேனிக் அளந்து சொன்னது இடத்துக்கு இடம் இருக்கும் சிறிய வித்தியாசத்தை. அதை 1942இல் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் வரைபடமாகத் தந்தார். படித்தவர்கள் பெரிய வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து நுனி, ஓரம், பின்பக்கம் என்று வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் இனிப்பு தெரியும். படத்தை நம்புவதைவிடப் பிள்ளைகள் தங்கள் நாக்கை நம்பக் கற்றுக்கொள்வது முக்கியம்.

பெரியவர்களுக்கு: பால் சேர்க்காத காபி டிகாஷனில் துளி உப்பு போட்டுப் பாருங்கள், கசப்பு அடங்கும்.

காரத்தின் கணக்கு வேறு. மிளகாய் நறுக்கிய கையும் எரிகிறதே, கைக்குச் சுவை தெரியாதே என்று கேட்டால் பிள்ளைகளே யோசிப்பார்கள். சூட்டை உணரும் ஏற்பியைத்தான் மிளகாய் தூண்டுகிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே மிளகாய்க் குழம்பைச் சூடாக ஒரு வாய், ஆறிய பிறகு ஒரு வாய் கொடுங்கள். சூடாக இருப்பதுதான் அதிகம் உறைக்கும். பக்கத்தில் தண்ணீருக்குப் பதில் ஒரு டம்ளர் பால் வைத்திருங்கள்.