வரைபு வருகிறது, சமன்பாடு வரவில்லை

கேள்வி: மகள் தரம் 10 படிக்கிறாள். ரியூசனில் கொடுத்த ஒரு வினாக்கொத்தை நிரப்பியதில், அவள் ‘பார்த்துக் கற்பவள்’ என்று வந்ததாம். வரைபு வடிவாகக் கீறுவாள். அதே கோட்டின் சமன்பாட்டைக் கேட்டால் தடுமாறுகிறாள். இனிக் கணிதத்தைப் படமாகவே சொல்லிக்கொடுக்கலாமா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: வேண்டாம். அந்த வினாக்கொத்து பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று சொல்லும். எது முடியும் என்று அளக்காது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரிக்கும் ‘கற்றல் பாணி’க்கு ஏற்பக் கற்பித்தால் பிள்ளை கூடுதலாகப் படிக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லையென்று, அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த உளவியலாளர் பாஷ்லர் குழுவினர் 2008இல் எழுதினார்கள். படம் பிடித்த பிள்ளை படத்தில் தொடங்கட்டும். அதிலேயே நின்றால், சமன்பாடு எழுதும் பழக்கம் எப்படி வரும்?

மகளின் சிக்கல் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் இருக்கிறது. ஒரு தாளை நான்காக மடியுங்கள்: கதை, அட்டவணை, வரைபு, சமன்பாடு. ‘தொட்டியில் 20 லீற்றர் தண்ணீர் இருக்கிறது, நிமிடத்துக்கு 5 லீற்றர் சேர்கிறது’ என்பது கதை. 0, 1, 2, 3 நிமிடங்களுக்கு 20, 25, 30, 35. x நிமிடம், y லீற்றர் என்று வைத்தால் சமன்பாடு y = 5x + 20.

பிழை வரும் இடங்கள் இரண்டு. முதலாவது, கதையில் 20 முன்னுக்கு வருவதால் y = 20x + 5 என்று எழுதுவது. x = 0 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 5 வரும், தொட்டியிலோ 20 இருக்கிறது. பிழையை அவளே பிடிப்பாள். இரண்டாவதுதான் வரைபில் கெட்டிக்காரப் பிள்ளைகளையும் விழுத்துவது. x அச்சில் 1 சென்ரிமீற்றர் 1 நிமிடம், y அச்சில் 1 சென்ரிமீற்றர் 5 லீற்றர் என்று அளவிடை எடுத்தால், கோடு ஒரு பெட்டி போக ஒரு பெட்டி ஏறும். பெட்டியை எண்ணுகிற பிள்ளை படித்திறன் (x ஒன்றால் கூடும்போது y எவ்வளவால் கூடுகிறது என்பது) 1 என்று எழுதிவிடும். அச்சிலுள்ள எண்களை வாசித்து, (0, 20), (2, 30) என இரு புள்ளிகள் எடுத்து, 10ஐ 2ஆல் வகுக்க வேண்டும்; விடை 5.

நாளுக்கு ஒரு தாள் போதும். ஒரு கட்டத்தை மட்டும் நீங்கள் நிரப்புங்கள், மற்ற மூன்றையும் அவள் நிரப்பட்டும். தொடங்கும் கட்டத்தை நாளுக்கு நாள் மாற்றுங்கள். முக்கியமாக வரைபை மட்டும் கொடுத்துக் கதையை எழுதச் சொல்லுங்கள். பள்ளிக் கொப்பிகளில் இந்தத் திசையில் பயிற்சி குறைவு. கதையில் ‘நிமிடத்துக்கு’ என்ற சொல்லை அவள் விட்டுவிட்டால், படித்திறன் இன்னும் விளங்கவில்லை. அன்றைக்குச் சமன்பாட்டுக்குப் போகாமல் அட்டவணையில் y எவ்வளவால் கூடுகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.