‘ஃபேட்’ (fad) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? டிரெண்டும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. திடீரென்று எல்லாரும் ஒன்றின் பின்னால் விழுந்தடித்துக்கொண்டு ஓடி, சில மாதங்களில் அதை அடியோடு மறந்துவிட்டால் அது ஃபேட்.

2020 ஊரடங்கில் இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றையும் சம அளவில் போட்டு, கை கடுக்க அடித்து, அந்த நுரையைப் பாலின் மேல் மிதக்கவிட்டு வீட்டுக்கு வீடு போட்டோ எடுத்தார்களே, டல்கோனா காபி, அது சுத்தமான ஃபேட். அப்புறம் எல்லாரும் பழையபடி ஃபில்டருக்கே திரும்பிவிட்டார்கள். தெருமுனை டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு அப்படியில்லை. வந்தது, பரவியது, நிலைத்துவிட்டது. அதை டிரெண்ட் என்னலாம்.

அமெரிக்கர்களைக் கேட்டால் ‘பெட் ராக்’ கதையைச் சொல்வார்கள். 1975இல் கலிபோர்னியாவில் கேரி டால் என்ற விளம்பரக்காரர், சாதாரணக் கூழாங்கல்லை வைக்கோல் மெத்தையில் வைத்து, மூச்சுவிடத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் அடைத்து, செல்லப்பிராணி என்று சுமார் 4 டாலருக்கு விற்றார். கூடவே வளர்ப்புக் கையேடு வேறு. ‘உட்கார்’, ‘அசையாதே’ என்றால் கல் உடனே கேட்குமாம். ‘உருளு’ என்றால் மட்டும் நாம் கொஞ்சம் கைகொடுக்க வேண்டுமாம்! பத்து லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது. கிறிஸ்துமஸ் முடிந்தது, சீந்துவாரில்லை.

இந்தச் சொல்லில் கொஞ்சம் ஏளனம் ஒட்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தான் ரசிப்பதை யாரும் ஃபேட் என்பதில்லை, அடுத்தவர் ரசிப்பதைத்தான் சொல்வார்கள். 1950களில் ராக் அண்ட் ரோல் இசையையும் இப்படித்தான் பலர் ஒதுக்கினார்கள். அது போகவே இல்லை. ஆக, நண்பர் ஆசையாகத் திறந்த பபிள் டீ கடையைப் பார்த்து ‘நைஸ் ஃபேட்’ என்று பாராட்டிவிடாதீர்கள்.

தமிழில் சிலர் ‘மோகம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சினிமா மோகமும் ஆங்கில மோகமும் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றனவே. ‘திடீர் மோகம்’ என்றால் சரி.

உச்சரிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. டாக்டர் ‘ஃபேட் டயட் வேண்டாம்’ என்றால் நெய்யை நிறுத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், யூடியூபில் பார்த்த திடீர் டயட்டை விடச் சொல்கிறார். கொழுப்பைக் குறிக்கும் ஃபேட் ‘பட்டு’வில் வரும் ஒலிபோல அழுத்தி முடியும். இது ‘பாடு’வில் வருவதுபோல மெலிந்து முடியும்.