இருபது டாலர் குற்றம்

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலின் முதல் யூத நட்சத்திரமான லிப்மன் பைக், வாரம் 20 டாலர் சம்பளம் வாங்கினார் என்று விசாரணைக்கு இழுக்கப்பட்டாராமே? குதிரையோடு வேறு ஓட்டப்பந்தயம் ஓடினாராம். நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா, வெறும் வேடிக்கை மனிதரா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பெரிய ஆட்டக்காரர்தான். உங்கள் கேள்விக்கான பதில் இத்தோடு முடிந்தது. ஆனால் சம்பளம் என்று எழுதிவிட்டீர்களே, இனி என்னைச் சும்மா இருக்கச் சொல்லாதீர்கள்.

1866-ல் பைக்குக்கு 21 வயது. நியூயார்க் பையன், பிலடெல்பியா அத்லெடிக்ஸ் கிளப்புக்கு ஆடப் போனார். அந்த ஜூலையில் ஒரே ஆட்டத்தில் ஆறு ஹோம் ரன் அடித்தார். (ஒரே அடியில் நாலு பேஸையும் சுற்றி வந்தால் அது ஹோம் ரன்.) அத்லெடிக்ஸ் 67, எதிரணி 25. இப்படி ஒருவன் அடித்தால் கூட்டம் வராமல் இருக்குமா? வந்தது. வசூல் கிளப்புக்கு. அடித்தவனுக்கு மட்டும் காசு கொடுக்கக் கூடாது, அது விளையாட்டின் புனிதத்துக்கு இழுக்கு என்றது அன்றைய பேஸ்பால் சங்கம். வாரம் 20 டாலர் வாங்கியதாக பைக் மேல் புகார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். யாருமே வந்து சேரவில்லை, புகார் ஊத்திக்கொண்டது. கொடுத்த கைகளும் அதே சங்கத்துக் கைகள்தானே, எவர் வந்து சாட்சி சொல்வார்? யூதர் என்பதால் குறிவைத்தார்களோ என்று கிளம்ப வேண்டாம். புகாரில் யூதரல்லாத ஆட்டக்காரர்களும் இருந்தார்கள்.

பிறகு அவர் போன கிளப்புகளில் ஒன்று நியூயார்க் மியூச்சுவல்ஸ். அங்கே ட்வீட் என்ற அரசியல் பெரும்புள்ளியின் ராஜ்யம். அந்தக் கிளப்பில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கிடையாது, நம்புங்கள். நகராட்சிச் சம்பளப் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும். வரி கட்டியவன் படி அளந்தான், விளையாட்டு புனிதமாகவே இருந்தது.

இங்கிலாந்தில் இதைவிட அழகு. கிரிக்கெட் ஜாம்பவான் டபிள்யூ.ஜி. கிரேஸ் கடைசிவரை அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாதவர். கூலிக்கு ஆடிய எந்த ஆட்டக்காரரையும்விட அதிகம் சம்பாதித்த அமெச்சூர். லார்ட்ஸ் மைதானத்து ஸ்கோர் அட்டையில் கனவான்களுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், கூலிக்காரர்களுக்குப் பின்னால். கூலிக்கு ஆடிய டிட்மஸுக்குத் தவறி முன்னால் அச்சாகிவிட, அதைத் திருத்த ஒலிபெருக்கியில் அறிவிப்பே செய்தார்கள். இந்தக் கூத்தை ஒழிக்க 1962 வரை ஆயிற்று. ‘பணம் வந்தது, ஆட்டம் செத்தது’ என்று இதே பக்கத்தில் என்னோடு மல்லுக்கு நின்ற பேராசிரியர் ஒருவர் உண்டு. மாதம் பிறந்தால் அவருக்கு ஓய்வூதியம் வந்துவிடுகிறது. அதனால் அவருடைய தமிழ் செத்ததாக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி குதிரை. 1873 ஆகஸ்ட், பால்டிமோர். நூறு கஜம். கிளாரன்ஸ் என்ற குதிரை 25 கஜம் பின்னாலிருந்து கிளம்பும். அது தொடக்கக் கோட்டைத் தொடும்போது பைக் ஓடத் தொடங்குவார். முக்கால் தூரம் இருவரும் தோளோடு தோள். அதற்கு மேல் கிளாரன்ஸுக்கு மானம் தாங்கவில்லை, பழக்கிய நடையை விட்டுவிட்டு நாலுகால் பாய்ச்சலில் வந்தது. அப்படியும் பைக்தான் நாலு கஜம் முன்னால். பத்து வினாடி. பரிசு 250 டாலர்.

சங்கத்துப் பெரியவர்கள் தேடிய அப்பழுக்கற்ற அமெச்சூர் அந்த மைதானத்தில் ஒன்றே ஒன்றுதான், கிளாரன்ஸ். ஓடியது, தோற்றது, கொள்ளோடு திருப்தியாகிவிட்டது. நம் இலக்கியக் கூட்டங்களுக்குப் போய் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குதிரை நினைவுதான். மைக்செட்காரருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு, போண்டாவுக்கும் காசு. பேச வந்த எழுத்தாளருக்குப் பொன்னாடை. பஸ் செலவு கேட்டால் ‘தமிழுக்காக வந்தீர்கள் என்று நினைத்தோம்’ என்பார்கள். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

ஆட்டத்துக்கு வருவோம். 1871-ல் முதல் தொழில்முறை லீக் தொடங்கியபோது ஹோம் ரன்னில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் பைக் ஒருவர். எத்தனை? நாலு. சிரிக்காதீர்கள். அன்றைய பந்தில் உயிர் கம்மி. பந்து மதிலைத் தாண்டிப் போவது அபூர்வம். தூரத்தில் அடித்துவிட்டு, ஃபீல்டர் எடுத்து எறிவதற்குள் நாலு பேஸையும் சுற்றி ஓடி வீடு சேர வேண்டும். குதிரையை ஜெயித்த கால் அங்கேதான் உதவியது. அடுத்த இரண்டு வருடமும் அவரே முதலிடம். இடதுகை ஆட்டக்காரர், பெரும்பாலும் அவுட்ஃபீல்டு (மைதானத்தின் தூரப் பகுதி), ஐந்தடி எட்டு அங்குலம்தான்.

முடிவு நன்றாக இல்லை. 1881-ல், 36 வயதில், வூஸ்டர் அணிக்கு ஆடும்போது கடைசி இன்னிங்ஸில் பந்துகளைக் கோட்டைவிட்டார். வேண்டுமென்றே விட்டார் என்று லீக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. வயதான கால்கள் தடுமாறினாலும் சதி என்பார்கள், ஏனென்றால் ஆள் காசுக்கு ஆடுகிறவன். அவரோ புரூக்ளினில் கழுத்துப்பட்டையும் கையுறையும் விற்கும் கடையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். அவர் அப்பாவும் அதே வியாபாரம்தான். 48 வயதில், 1893-ல், இதய நோயில் இறந்தார். 1936-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குப் பழைய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடந்தது. பைக்குக்கு விழுந்தது ஒரே ஓட்டு. போட்ட புண்ணியவான் அதற்குக் காசு எதுவும் வாங்கியிருக்க மாட்டார்.