கர்னல் கேள்வி-பதில்: மெமரியை ஒதுக்கச் சொன்னா ஏன் கேக்க மாட்டேங்குது?

கேள்வி: லினக்ஸ் சர்வர்ல கிராஷ் டம்ப் (சிஸ்டம் கவிழும்போது மெமரில இருந்ததோட பதிவு) எடுக்கணும்னு பூட் லைன்ல (பூட் ஆகும்போது சிஸ்டத்தோட மையமான கர்னலுக்குக் கொடுக்கிற ஆப்ஷன் வரி) கிராஷ்கர்னல்=256எம்பி-னு போட்டேன் சார். மெஷின் நல்லாவே பூட் ஆகுது, ஸ்க்ரீன்ல எர்ரர் எதுவும் வரல, ஆனா டம்ப் எடுக்கிற கேடம்ப் சர்வீஸ் மட்டும் மெமரி ஒதுக்கலன்னு சொல்லி நின்னுடுது. எங்க தப்பு?

பதில்: கடைசியில இருக்கிற அந்த 'பி' தாங்க தப்பு. 256எம்-னு மட்டும் போட்டு ரீபூட் பண்ணுங்க. கர்னல்ல அளவு படிக்கிறதுக்குன்னே மெம்பார்ஸ்னு ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கு, அது முதல்ல நம்பரைப் படிக்கும், அடுத்து கே, எம், ஜி மாதிரி ஒரு எழுத்து இருந்தா அதுக்குத் தகுந்த மாதிரி 1024 ஆல பெருக்கிட்டு, எந்த எழுத்துல நின்னோம்னு கூப்பிட்டவங்ககிட்ட சொல்லிட்டுப் போயிடும், அவ்வளவுதான் அதோட வேலை. மிச்சத்தைப் பார்க்கிறது கிராஷ்கர்னல் பார்சரோட (அந்த ஆப்ஷனைப் பிரிச்சுப் படிக்கிற கோடு) பொறுப்பு. அது அங்க @ குறி இருக்கா, ஸ்பேஸ் இருக்கா, லைன் முடிஞ்சிருச்சான்னு பார்க்குது, உங்க லைன்ல இருந்ததோ பைட்டுக்கான 'பி'. தெரியாத எழுத்துன்னு லாக்ல ஒரு வரி எழுதிட்டு, ஒண்ணுமே ஒதுக்காம விட்டுடும், பூட்டை நிறுத்தாது. டிமெசேஜ்ல (கர்னல் லாக்கைக் காட்டுற கமாண்ட்) கிராஷ்கர்னல்னு தேடிப் பாருங்க, அந்த வரி அங்கயே இருக்கும்.

இன்னொண்ணு, நம்பருக்கு முன்னாடி அழகுக்காக ஜீரோ போடாதீங்க. 010எம்-னு எழுதினா மெம்பார்ஸ் அதை ஆக்டல்னு (எட்டை அடிப்படையா வச்ச எண்) எடுத்துக்கும், கிடைக்கிறது 8 எம்பி தான்.

கேள்வி: ரேம்ல ஒரு இடம் கெட்டுப்போச்சுன்னு மெம்டெஸ்ட் காட்டுச்சு. அந்த ஏரியாவைத் தொடாதேன்னு சொல்ல க்ரப் (கர்னலை லோட் பண்ற பூட்லோடர்) செட்டிங்ஸ்ல மெம்மேப்=64எம்$512எம்-னு போட்டேன். அதுக்கப்புறம் மெஷின் பூட்டே ஆகல. ரெண்டு நாளா ரேமை கழட்டி கழட்டி மாட்டிட்டு இருக்கேன்.

பதில்: ரேமை விட்டுடுங்க, அது பாவம். உங்க லைனோட அர்த்தம் சரிதான், 512 எம்பில இருந்து 64 எம்பியை ரிசர்வ் பண்ணுன்னு தான் எழுதியிருக்கீங்க, ஆனா அது கர்னலுக்குப் போய்ச் சேரவே இல்ல. க்ரப்புக்கு $ னா வேரியபிள், அதனால $ குறியையும் பின்னாடி வந்த நம்பரையும் வேரியபிள் பேருன்னு நினைச்சு முழுங்கிடுச்சு. கர்னல் பார்த்தப்ப 64எம்-க்கு அப்புறம் $ இல்ல, @ இல்ல, # இல்ல. குறி எதுவுமே இல்லாத மெம்மேப்புக்கு அது வச்சிருக்கிற அர்த்தம் வேற: மொத்த ரேமே இவ்வளவுதான், இதுக்கு மேல இருக்கிறதை எல்லாம் தூக்கிடு. அதாவது நீங்க 64 எம்பியை ஒதுக்கி வைக்கச் சொன்னீங்க, கர்னல் அந்த 64 எம்பியை மட்டும் வச்சுக்கிட்டு பூட் ஆகப் பார்த்திருக்கு. இன்னைக்கு இருக்கிற கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (பூட் ஆகும்போது தேவைப்படுற தற்காலிக ஃபைல் சிஸ்டம்) அதுக்குள்ள எப்படி அடங்கும்?

இப்போதைக்கு க்ரப் மெனுல 'ஈ' கீயை அழுத்தி, அந்த லைன்ல $ க்கு முன்னாடி ஒரு \ போட்டு பூட் பண்ணிப் பாருங்க. நிரந்தரமா செட்டிங்ஸ் ஃபைல்ல டபுள் கோட்ஸுக்குள்ள எழுதும்போது ஒண்ணு பத்தாது, \\\$ னு மூணு போடணும், ஏன்னா அந்த ஃபைலை முதல்ல ஷெல் படிக்குது, அது முடிச்சு எழுதுறதைத் தான் அப்புறம் க்ரப் படிக்குது. பூட் ஆனதும் ப்ராக் டைரக்டரில இருக்கிற சிஎம்டிலைன் ஃபைலைத் திறந்து பாருங்க, கர்னல் கைக்கு என்ன வந்துச்சோ அது அப்படியே அதுல இருக்கும். செட்டிங்ஸ் ஃபைலைப் பார்த்துட்டு சரியாத்தானே இருக்குன்னு உக்காந்திருக்கிறவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு இதைப் பாருங்க. பக்கத்துலயே ஐஓமெம்னு இன்னொரு ஃபைல், ஒதுக்கின ஏரியா அதுல தெரியும், ஆனா ரூட்டா போய்ப் பாருங்க, சாதா யூசருக்கு அட்ரஸ் எல்லாம் வெறும் ஜீரோவா காட்டும்.

கேள்வி: இதையெல்லாம் ஏன் பூட் டைம்லயே கேக்குது? அப்புறமா ஒதுக்கக் கூடாதா?

பதில்: துண்டு துண்டா வேணும்னா எப்ப வேணா கிடைக்கும், 256 எம்பி ஒரே தொடர்ச்சியா வேணும்னா தான் சிக்கல். சிஸ்டம் ஓட ஆரம்பிச்சதும் பக்கங்கள் (மெமரியோட சின்னச் சின்னத் துண்டுகள்) அங்கங்க சிதறிடும். அதனால தான் இந்த ஆப்ஷன்களை எர்லி பேரம்னு தனியா வச்சு, பட்டி அலோகேட்டர் (சிஸ்டம் ஓடும்போது மெமரியைப் பங்கு போடுறது) கைக்கு மெமரி போறதுக்கு முன்னாடியே படிச்சுடுறாங்க, அந்த நேரத்துல மெமரியைப் பார்த்துக்கிறது மெம்பிளாக்னு ஒரு எளிமையான அலோகேட்டர், கிராஷ் கர்னலுக்கான (கவிழ்ந்ததும் டம்ப் எடுக்கிற ரெண்டாவது கர்னல்) இடத்தையும் அதுகிட்ட சொல்லித் தான் பிடிச்சு வைக்கிறாங்க. கிராஷ் கர்னலுக்கு ஒதுக்கினது அதிகம்னு பின்னாடி தோணுச்சுன்னா சிஸ் டைரக்டரில கெக்ஸெக் கிராஷ் சைஸ்னு இருக்கிற ஃபைல்ல சின்ன நம்பரை எழுதிக் குறைச்சுக்கலாம், அந்தக் கிராஷ் கர்னலை லோட் பண்றதுக்கு முன்னாடி செய்யணும். கூட்டணும்னா லைனை மாத்தி ரீபூட் தான்.