முப்பது பவுண்டுக்குள் தொடங்குங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மரபு வில்வித்தையைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வட ஆர்க்காட்டிலிருந்தே வந்துள்ளன. நான் காட்பாடிக்காரன் என்று ஆசிரியர் குறிப்பில் போட்டுவிட்டதே காரணமாக இருக்கலாம். கப்பி, குறிகாட்டி, நிலைப்படுத்தும் தண்டு எதுவும் இல்லாமல் வில், நாண், அம்பு, விரல் இவற்றை மட்டுமே நம்பி எய்வதைத்தான் இங்கே மரபு வில்வித்தை என்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 36, உயரம் 5 அடி 5 அங்குலம். முதல் வில்லாக லாங்போ வாங்குவதா, ரீகர்வ் வாங்குவதா? 45 பவுண்டுக்குக் குறைந்ததெல்லாம் விளையாட்டுப் பொருள் என்கிறார் உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் ஒருவர். அந்தக் காலத்து ஆங்கிலேய வில்லாளிகள் 100 பவுண்டு இழுத்தார்களாமே? – வாசகர், சத்துவாச்சாரி

முதலில் பவுண்டுக் கணக்கை முடித்துவிடுவோம். வில்லின் மேல் எழுதியிருக்கும் எண், நாணை 28 அங்குலம் வரை இழுத்துப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் குறிக்கிறது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றொரு நடுவிரல் நுனி வரை அளந்து, அதை 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுநீளம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். உங்கள் உயரத்துக்குக் கைவிரிப்பு 65 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் இழுநீளம் 26 அங்குலம். 28-க்குக் குறையும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரண்டு பவுண்டு அல்லது சற்று அதிகமாகக் குறையும் என்பதால், 30 பவுண்டு என்று எழுதிய வில் உங்கள் கையில் 25 அல்லது 26 பவுண்டுதான். ஐயமிருந்தால், பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்ப விடுங்கள்.

45 பவுண்டு என்பது சுமார் 20 கிலோ. உங்கள் நண்பர் அதை ஒரு முறை இழுத்துக் காட்டுவார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு காலையில் 60 அம்பு எய்தால் மொத்தம் 1,200 கிலோவுக்கு மேல் ஆகிறது; அதையும் அன்றாட வேலைகளில் நாம் அதிகம் பயன்படுத்தாத, தோள்பட்டைகளை முதுகின் நடுவே நெருக்கும் தசைகளைக் கொண்டு இழுக்க வேண்டும். கனத்த வில்லை எடுத்த புதியவர் பத்தாவது அம்புக்குள் முதுகை மறந்து கையால் இழுக்கத் தொடங்குவார், வில் பிடித்த தோள் காதை நோக்கி ஏறும், நாண் வாயோரத்துக்கு வந்து நிலைகொள்வதற்கு முன்பே விரல் நழுவிவிடும். நானே 45 பவுண்டு லாங்போவில் தொடங்கியவன். ஆறு வாரத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டு, சட்டைக்குள் கையை நுழைக்கவே பிறர் உதவி தேவைப்பட்டது. அதன்பின் 24 பவுண்டு வில்லோடு முதலிலிருந்து தொடங்கினேன்.

ஆங்கிலேயரைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். 1545-இல் மூழ்கி 1982-இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற போர்க்கப்பலில் 130-க்கும் மேற்பட்ட யூ மர நெடுவில்கள் கிடைத்தன; அவற்றுள் பெரும்பாலானவை 100 பவுண்டைத் தாண்டியவை என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அவற்றை இழுத்தவர்கள் சிறு வயதிலிருந்தே ஆண்டுதோறும் விசையைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் சிலவற்றிலேயே தோள்பட்டை எலும்பின் முனை ஒன்றுசேராமல் தனித்து நின்றிருந்ததைக் கண்டு, ஓயாத வில் பயிற்சி அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இனி எந்த வில் என்பதற்கு வருவோம். லாங்போ ஏறத்தாழ ஆள் உயரம் இருக்கும். நாணேற்றியபின் ஒரே வளைவாக நிற்கும். கையில் எடை தெரியாது, பார்க்கவும் அழகு. அந்த எடையின்மையே புதியவருக்குத் தொல்லை. கையின் சிறு நடுக்கமும் அப்படியே அம்புக்குப் போய்ச் சேரும். ரீகர்வின் நுனிகள் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். நாண் அந்த வளைவின்மேல் படிந்து கிடக்கும். இந்த அமைப்பினால் அதே பவுண்டில் லாங்போவைவிட அதிக ஆற்றலைச் சேமித்து அம்பைச் சற்று வேகமாகத் தள்ளும். என் பரிந்துரை, 62 முதல் 66 அங்குல நீளமுள்ள, கழற்றி மாட்டும் வகை மர ரீகர்வ். எழுதிய எண் 26 அல்லது 28 பவுண்டு. நடுப்பிடியை வைத்துக்கொண்டு, வில்லின் கைகள் எனப்படும் வளையும் மேல், கீழ்ப் பகுதிகளை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எட்டு மாதமோ ஓராண்டோ கழித்து ஐந்து பவுண்டு கூட்ட விரும்பும்போது புது வில்லுக்குப் பணம் போட வேண்டியதில்லை. லாங்போவின்மேல்தான் மனம் நிற்கிறது என்றால் அதையே வாங்குங்கள், பவுண்டை மட்டும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: என் 30 பவுண்டு ரீகர்வுக்கு, நண்பரிடமிருந்து 400 என்று எண் போட்ட கார்பன் அம்புகள் ஆறு கிடைத்தன. வலக்கையால் இழுக்கிறேன். எல்லாம் இடப்பக்கமே போய் விழுகின்றன. பறக்கும்போது வால் ஆடுகிறது. குறி பார்ப்பதில் தவறா? – வாசகர், இராணிப்பேட்டை

உங்கள் கண்ணில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அம்பு உங்கள் வில்லுக்கு மிகவும் விறைப்பானது. விரலால் நாணை விடும்போது நாண் நேராக முன்னே போகாமல் சற்றுப் பக்கவாட்டில் நழுவுவதாலும், வில்லின் உடல் வழியில் நிற்பதாலும், அம்பு ஒரு மீனைப்போல நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, அதன் பிறகே நேராகிறது. வளைய மறுக்கும் அம்பு வில்லின் பக்கத்தில் இடித்து, வலக்கைக்காரருக்கு இடப்பக்கமாக விலகும்; அளவுக்கு மீறி வளைவது வலப்பக்கம் போகும். இந்த வளையும் தன்மையைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளையும் தாங்கவைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், 400 என்ற அம்பு 0.4 அங்குலம் தாழும், 800 என்ற அம்பு 0.8 அங்குலம் தாழும். எண் கூடினால் அம்பு இளகியது என்று நினைவில் கொள்ளுங்கள். கடைகளில் பலர் இதைத் தலைகீழாகவே புரிந்துகொள்கிறார்கள்.

உங்கள் வில்லுக்கு 700 முதல் 900 வரையிலான அம்புகளில் இரண்டு மூன்றை வெட்டாமல் முழு நீளத்தில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு ஒரு டஜன் வாங்குங்கள். நீளத்தைக் குறைத்தால் அம்பு விறைக்கும், முனையின் எடையைக் கூட்டினால் இளகும். ஆகவே வெட்டுவதை அரை அங்குலமாகச் செய்யுங்கள். நடுப்பிடி ஆழமாகச் செதுக்கப்படாத லாங்போவுக்கு அதே பவுண்டில் இன்னும் இளகிய அம்பு தேவைப்படும். அம்பின் மொத்த எடை, வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 முதல் 10 கிரெய்ன் இருக்க வேண்டும். 30 பவுண்டு வில்லுக்கு 300 கிரெய்ன் என்றால் சுமார் 19.5 கிராம். தெரிந்த நகைக்கடைக்காரர் இருந்தால் அவருடைய தராசில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அம்பு மிக இலேசாக இருந்தால் அதற்குப் போகாத ஆற்றல் வில்லையே தாக்கும். அம்பே இல்லாமல் இழுத்து விடுவது அதைவிடக் கேடு. ஒரே முறையில் வில் உடையலாம்.

அம்பு, அதைத் தாங்க நடுப்பிடியில் செதுக்கிய தட்டின்மேலேயே உரசிப் போகும் முறையில் பிளாஸ்டிக் இறகு உதவாது. படிந்துகொடுக்கும் பறவை இறகுதான் வேண்டும். இரவல் வாங்கிய கார்பன் அம்புகளை எய்வதற்கு முன் ஒவ்வொன்றாக இலேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் ஒலி வந்தால் தயங்காமல் ஒடித்துப் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு, விடும்போது பிளந்து வில் பிடித்த கையில் ஏறிவிடும்.

கேள்வி: என் 11 வயது மகள் வலக்கையால் எழுதுகிறாள், ஆனால் வில்லை எடுத்தால் இடக்கண்ணால்தான் பார்க்கிறாள். திருத்த வேண்டுமா? – வாசகி, குடியாத்தம்

திருத்த வேண்டாம், அம்மா. இரு கைகளையும் நீட்டிக் கட்டைவிரல்களுக்கிடையே சிறு முக்கோண இடைவெளி செய்து, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றை இரு கண்களையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே முதன்மைக் கண். அது இடக்கண்ணாக இருந்தால், இடக்கையால் இழுக்கும் வில்லையே வாங்கிக் கொடுங்கள். இந்த வயதில் கை இரண்டு வாரத்தில் பழகிவிடும், கண் பழகாது. 12 முதல் 16 பவுண்டு போதும்.

கேள்வி: வீட்டு மொட்டை மாடியில் எய்யலாமா? அல்லது பாலாற்று மணலிலா? ஆண்டில் பெரும்பகுதி வறண்டுதானே கிடக்கிறது! – வாசகர், ஆர்க்காடு

இரண்டும் கூடாது. 28 பவுண்டு வில்லிலிருந்து தவறி மேல்நோக்கிப் போன அம்பு 100 மீட்டருக்கு மேல் பறக்கும். மாடியிலிருந்து அது எங்கே இறங்கும் என்று நீங்கள் சொல்ல முடியாது. ஆற்றிலோ மாடு மேய்ப்பவரும் குறுக்கே நடந்து போகிறவரும் எந்த நேரமும் உண்டு. அமிர்தி போன்ற காப்புக் காடுகளுக்குள் வில்லோடு போவதை நினைத்தும் பார்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம், கையில் வில்லோடு நிற்பவர் பயிற்சிக்கு வந்தேன் என்று சொன்னால் வனத்துறையினர் நம்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மல்லாட்டை பிடுங்கிய பின் சும்மா கிடக்கும் தெரிந்தவர் நிலம், பின்னால் ஏரிக்கரையோ மண்மேடோ உயர்ந்து நிற்க, அந்தக் கரையின்மேல் நடைபாதை இல்லாததாக இருந்தால் அதைவிட நல்ல இடமில்லை. இலக்குக்கு உரச் சாக்கு ஒன்றில் தையற்கடைக் கழிவுத் துணியைக் காலால் மிதித்து இறுக்கி அடைத்துத் தைத்துவிடுங்கள். பழைய உடைகளைப் போடுவதானால் பொத்தானையும் ஜிப்பையும் அறுத்துவிட வேண்டும். வைக்கோல் கட்டும் உதவும், ஆனால் இரண்டு மாதத்தில் கறையான் வந்துவிடுகிறது. முதல் மூன்று வாரம் ஐந்து மீட்டரில், இலக்கில் எந்தப் புள்ளியும் வைக்காமல், முழுக் கவனமும் முதுகிலும் விரலிலும் இருக்க எய்யுங்கள். பலருக்கு இது சலிப்பாக இருக்கிறது. இதைத் தாண்டிப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி இங்கேயே வருகிறார்கள்.

கேள்வி: விரலுறையும் முன்கைக் காப்பும் கடையில் விலை அதிகம். தோல் எங்கள் ஊரில் கிடைக்காத பொருளா? நாமே செய்யலாமா? – வாசகர், ஆம்பூர்

தாராளமாகச் செய்யலாம். காலணித் தொழிற்கூடங்களில் வெட்டி மிஞ்சும் துண்டே போதும். மூன்று விரல்களை மறைக்கும் தட்டையான விரலுறைக்கு ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள தோல், வழவழப்பான பக்கம் நாணைத் தொடும்படி. முன்கைக் காப்புக்கு மூன்று மில்லிமீட்டர். காப்பு அணிந்தும் நாண் முன்கையை அடிக்கிறது என்றால் முழங்கையின் உள்பக்கம் மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது. வில்லைப் பிடித்தபடியே அதைச் செங்குத்தாகச் சுழற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து நடுகற்களில் வீரர்கள் வில்லோடு நிற்கிறார்கள். அதுபோல ஜவ்வாது மலை மூங்கிலில் நானே ஒரு வில் செய்துகொள்ள முடியுமா? – வாசகர், செங்கம்

செங்கம் நடுகற்களைப் பார்த்துத்தான் எனக்கும் இந்த ஆசை வந்தது. பல்லவர் காலத்து வட்டெழுத்தோடு, ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக, ஆநிரைப் பூசலில் மாண்டவர்களை அங்கே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

மூங்கில் வில் செய்ய முடியும். நம் நாட்டில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற போட்டிப் பிரிவே மூங்கில் வில்லுக்காக 30, 50 மீட்டர் தூரங்களில் நடக்கிறது. மூங்கிலின் வலிமை புறத்தோலை ஒட்டிய நாரில் இருப்பதால் அந்தப் பக்கம் இலக்கை நோக்கி இருக்க வேண்டும். அதைச் சீவாமல், உங்களை நோக்கிய உட்பக்கத்தை மட்டுமே சீவி, வில்லின் இரு கைகளும் ஒரே அளவாக வளைகின்றனவா என்று சிறிது சிறிதாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மூங்கிலைப் பட்டா நிலத்திலிருந்து வாங்குங்கள். 2017-இல் இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தத்தால், காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கில் ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீங்கிவிட்டது. காட்டுக்குள் வளர்ந்ததற்கு இந்தச் சலுகை இல்லை. முதல் வில் உடையும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள், எனக்கு மூன்று உடைந்தன.

கேள்வி: கத்திரி வெயிலில் வில்லை எப்படிப் பாதுகாப்பது? – வாசகர், வேலூர்

மரத்தையும் கண்ணாடி இழையையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த வில்லுக்குப் பசையே உயிர். நம் ஊர் மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய, மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் பசை இளகினால் அடுக்கு பிரியும். கோட்டை அருகே ஒரு நண்பகலில் வண்டியை நிறுத்திவிட்டு ஜலகண்டேஸ்வரரைப் பார்க்கப் போன நான், திரும்பி வந்து அன்று மாலை நாணேற்றியபோது வில்லின் மேல்கையில் முடி பருமனுக்கு ஒரு கோடு ஓடியிருந்ததைக் கண்டேன். இத்தனைக்கும் உள்ளே கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று நினைத்திருந்தேன்.

எய்து முடித்ததும் நாணை இறக்கி, வில்லை இரண்டு ஆணிகளின்மேல் கிடையாகப் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளும். நாணேற்றவும் இறக்கவும் அதற்கென்றே உள்ள கயிற்றைப் பயன்படுத்துங்கள். காலுக்கிடையே கொடுத்து வளைப்பது ரீகர்வின் கைகளைத் திருகிவிடும். நாணுக்கு மாதம் ஒரு முறை தேன்மெழுகு தேய்த்தால் போதும். விரல் நகத்தால் வில்லின் ஓரங்களை வருடும்போது எங்கேனும் தட்டுப்பட்டால் அந்த வில்லில் மறுபடியும் நாணேற்ற வேண்டாம்.