கரடுமுரடுப் பாதைக்கு முதல் வண்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு வண்டியின் விவரத்தாளில் 'ஆல் வீல் டிரைவ்' என்றும் இன்னொன்றில் 'ஃபோர் வீல் டிரைவ்' என்றும் போட்டிருக்கிறது. இரண்டிலும் நான்கு சக்கரமும் இழுக்கும்தானே? மோசமான பாதைகளில் இனிமேல்தான் ஓட்டிப் பழகவேண்டிய எனக்கு எது பொருந்தும்?

பதில்: நான்கும் இழுக்கும். ஆனால் பல ஆல் வீல் டிரைவ் வண்டிகளில் வழக்கமாக முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. அவை வழுக்கும்போது ஒரு கிளட்ச் தொகுதி இறுகிப் பின்சக்கரங்களுக்கும் விசை கொடுக்கிறது. மழைச் சாலைக்கும் சரளைப் பாதைக்கும் லேசான சேற்றுக்கும் இது போதும். ஆழமான மணலில் நெடுநேரம் திணறினால் அந்தக் கிளட்ச் சூடாகும். சூடு எல்லையைத் தாண்டியதும் கணினி அதைத் துண்டித்துவிடும். பிறகு இரண்டு சக்கர இழுவைதான், வண்டி நகராது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் கியர்ப்பெட்டி) உள்ள ஃபோர் வீல் டிரைவில் கிடைக்கும் பெரிய வரம் 'ஃபோர் லோ' என்னும் இரண்டாவது கியர் வரிசை. முதல் கியரின் விகிதம் 4, ஆக்ஸில் விகிதம் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 16. டயரின் விட்டம் 77 செ.மீ. என்றால், இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 முறை சுற்றும்போது வண்டி மணிக்குச் சுமார் 9 கி.மீ. போகும். லோ வரிசையின் விகிதம் 2.5 எனில் மொத்தம் 40 ஆகிவிடும். அதே 1,000 சுற்றில் வேகம் வெறும் 3.6 கி.மீ. ஆள் நடப்பதைவிட மெதுவாகப் போகும், சக்கரத்திலோ முறுக்குவிசை இரண்டரை மடங்காக இருக்கும். எந்தக் கல்லின்மேல் எந்தச் சக்கரத்தை ஏற்றலாம் என்று பார்த்து முடிவெடுக்க நேரம் கிடைக்கிறது. புதியவர்கள் செய்யும் சேதங்களில் பெரும்பாலானவை வேகத்தால் வருபவை. ஆகவே மற்ற வசதிகள் எப்படி இருந்தாலும், லோ வரிசை உள்ள வண்டியையே எடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 'பார்ட் டைம்' வகையில் (வழக்கமாக இரண்டு சக்கரம், வேண்டும்போது மட்டும் நான்கு) ஃபோர் வீல் போட்டதும் முன்ஷாஃப்டும் பின்ஷாஃப்டும் ஒன்றாகப் பிணைந்துவிடும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. மண்ணில் சக்கரம் சற்றே சறுக்கி அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் சறுக்க வழியில்லாததால் இறுக்கமெல்லாம் கியர்களில் சேரும். ஸ்டீயரிங் கனக்கும், வண்டி உதறும், லிவர் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் நேராகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், விடுபடும்.

கேள்வி: தரை இடைவெளி 210 மி.மீ. உள்ள வண்டிக்கும் 225 மி.மீ. உள்ளதற்கும் இடையே தயங்குகிறேன். குறைவானதை வாங்கி லிஃப்ட் கிட் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அந்த 15 மி.மீ.யை வைத்து முடிவு செய்யாதீர்கள். முன்பம்பர் முட்டாமல் ஏறக்கூடிய கோணம், பின்பம்பர் உரசாமல் இறங்கக்கூடிய கோணம், மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாத கோணம் ஆகிய மூன்றையும் விவரத்தாளில் தேடுங்கள். முன்னால் 30 டிகிரி, பின்னால் 25, நடுவில் 20 என்ற அளவுக்கு இருந்தால் பழகுவதற்குத் தாராளம். தரை இடைவெளி சமமாகவே இருந்தாலும், சக்கரங்களுக்கு இடையே நீளம் கூடிய வண்டியின் வயிறு முதலில் தட்டும். அதே நீளம் செங்குத்தான ஏற்றத்தில் நிதானத்தைத் தரும் என்பதையும் மறக்கவேண்டாம்.

லிஃப்ட் கிட் உடலைத்தான் உயர்த்தும். இரு சக்கரங்களையும் ஒரே கெட்டியான அச்சு இணைக்கும் சாலிட் ஆக்ஸில் வண்டியில் ஆகத் தாழ்வாகத் தொங்குவது நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் (வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்த்தொகுதி) குடம். அதை உயர்த்தப் பெரிய டயரால் மட்டுமே முடியும், அதுவும் பாதிதான்: டயரின் விட்டம் 40 மி.மீ. கூடினால் குடம் 20 மி.மீ. எழும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் அதிகம் உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்டுகள் சாய்ந்து, அவற்றின் ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும். மண் புகுந்து ஜாயின்ட் போய்விடும். முதல் ஆண்டு நிறுவனம் கொடுத்த உயரத்திலேயே ஓட்டுங்கள். அந்தப் பணத்தில் சம்ப் (இன்ஜின் எண்ணெய்த் தொட்டி), டிரான்ஸ்ஃபர் கேஸ், எரிபொருள் தொட்டி மூன்றுக்கும் அடியில் எஃகுத் தகடு போடுவது மேல்.

கேள்வி: டயர் எதை எடுப்பது? எம்.டி. (மட் டெரெய்ன், சேற்றுக்கானது) டயர்தான் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது.

பதில்: வாரத்தில் பெரும்பாலும் சாலையில் ஓடும் வண்டிக்கு ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்குமானது) டயரே சரி. எம்.டி.யின் பெரிய கட்டைகள் ஒட்டும் சேற்றை உதறித்தள்ளும், பாறையைப் பற்றும். ஆனால் ஈரத் தாரில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், இரைச்சல் கூடும், தேய்மானமும் விரைவு. ரிம்மைப் பொறுத்தவரை 18 அங்குலத்தைவிட 16 அல்லது 17 அங்குலம் நல்லது. வெளிவிட்டம் மாறாமல் ரிம் சிறுத்தால் டயரின் பக்கச்சுவர் உயரமாகும். காற்றைக் குறைத்து ஓட்ட அந்த உயரம் வேண்டும்.

காற்றைக் குறைப்பது இந்தக் கலையின் முதல் பாடம். அழுத்தம் குறைந்தால் டயர் தரையில் பதியும் பரப்பு, முக்கியமாக நீளவாக்கில், கூடுகிறது. எடை பரவுவதால் மணலில் புதைவது குறைகிறது. கல்லின்மேல் ரப்பர் குத்துப்படாமல் வளைந்து கொடுக்கிறது. சாலையில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. என்றால் கரடுமுரடான மண்பாதையில் 24 – 26, கற்பாறையில் 20 – 22, தளர்ந்த மணலில் 15 – 18 வைத்துப் பாருங்கள். 12க்குக் கீழே போனால் திடீர்த் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே சரியான அளவு. காற்றுக் குறைந்த டயரோடு சாலையில் வேகமாகப் போகக்கூடாது; பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். ஆக, நல்ல பிரஷர் கேஜும், பேட்டரியில் நேரடியாக மாட்டும் கம்ப்ரெசரும் டயரோடு சேர்ந்த செலவுகள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய பம்புகள் நான்கு பெரிய டயர்களை நிரப்புவதற்குள் ஃப்யூஸைப் போக்கிவிடக்கூடும்.

ஸ்டெப்னி மற்ற நான்கின் அளவிலேயே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஒல்லியான தற்காலிகச் சக்கரம் மண்பாதையில் உதவாது.

கேள்வி: டிஃப் லாக் (டிஃபரென்ஷியலைப் பூட்டி இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைப்பது) இல்லாத மாடலில் டிராக்ஷன் கன்ட்ரோல் மட்டும் இருக்கிறது. போதுமா?

பதில்: சாதாரண டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசை தருகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற விசையே தேவையில்லை. தரையில் இருக்கும் மற்றதற்கும் அதே அளவுதான் கிடைக்கும். டிராக்ஷன் கன்ட்ரோல், சும்மா சுற்றும் சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்து அதற்கு ஒரு சுமையை உண்டாக்குகிறது, மற்றச் சக்கரத்துக்கும் விசை ஏறுகிறது. சக்கரம் சுற்றத் தொடங்கினால்தான் இது விழித்துக்கொள்ளும். புதியவர்கள் சக்கரம் சுற்றிய உடனே காலை எடுத்துவிடுகிறார்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் இரண்டு மூன்று விநாடி பிடித்திருங்கள். டக்டக்கென்ற சத்தத்தோடு வண்டி நகரும்.

பழகும் காலத்துக்கு இது போதும். பின் ஆக்ஸிலில் லாக் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கெட்டித் தரையில் திரும்புமுன் விடுவித்துவிடுங்கள். முன் லாக் போட்டால் ஸ்டீயரிங் திரும்பவே அடம்பிடிக்கும், இப்போது வேண்டாம்.

கேள்வி: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

பதில்: டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்துவது) வகை ஆட்டோமேட்டிக். ஏற்றத்தில் அரை கிளட்ச் பிடித்துக் கருக்கும் தவறு அதில் நடக்காது. இரட்டை கிளட்ச் வகை ஊர்ந்து போகும்போது சூடாகும் என்பதால் அதைத் தவிருங்கள். மேனுவல் வைத்திருப்பவர்கள் இறக்கத்தில் லோ வரிசை முதல் கியரில் இறங்குங்கள். கிளட்சை மட்டும் தொடாதீர்கள், தொட்ட மறுகணம் இன்ஜினின் பிடி விட்டுப்போகும்.

கேள்வி: ஸ்நார்கல் போட்டால் ஓடையைத் தாராளமாகக் கடக்கலாமா?

பதில்: ஸ்நார்கல் இன்ஜின் மூச்சுவிடும் வாயை உயர்த்துகிறது, அவ்வளவே. மின்இணைப்புகளையும் கதவு ரப்பரையும் அது காக்காது. சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், எண்ணெய் பால்நிறமாகிவிடும். டிஃபரென்ஷியல் மூச்சுவிடும் பிரீதர் குழாய்களை இன்ஜின் அறையின் உச்சிவரை நீட்டுவது சின்ன வேலை, அதை முதலில் செய்யுங்கள். இழுப்பு வேகமான நீரில் ஆழம் குறைவாக இருந்தாலும் இறங்கவேண்டாம். நடுவில் இன்ஜின் அணைந்தால் மீண்டும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

கேள்வி: சிக்கிக்கொண்டால் வெளியே இழுக்க வண்டியில் என்ன இருக்கவேண்டும்?

பதில்: முன்னும் பின்னும் சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, சுமை அளவு குறிக்கப்பட்ட கொக்கிகள். கப்பலில் கட்டி அனுப்புவதற்காக வைத்த மெல்லிய வளையங்களில் மாட்டி இழுத்தால் அவை பிய்ந்துவிடும். இவற்றோடு ஒரு மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் இரண்டு ரெக்கவரி பலகைகள், 4.75 டன் ஷாக்கிள் (கயிற்றைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையம்) இரண்டு, ஒரு கினெட்டிக் கயிறு (இழுக்கும்போது ரப்பர்போல் நீண்டு சுருங்குவது). கயிற்றின் அறுபடும் அளவு வண்டியின் முழுச்சுமை எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கட்டும். 2,500 கிலோ வண்டிக்கு 5 முதல் 7.5 டன். ஷாக்கிள் பின்னை முழுக்க முடுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள், இழுவைக்குப் பிறகு இறுகிப்போகாது. வின்ச் (வண்டியில் பொருத்தும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) பிறகு வாங்கலாம்.

டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கினெட்டிக் கயிற்றை ஒருபோதும் மாட்டாதீர்கள். திடீர் இழுவையில் அது முறிந்தால், நீண்டிருந்த கயிறு அந்த இரும்பு உருண்டையைக் கவண்கல்லைப்போல் அடுத்த வண்டியின் கண்ணாடிக்குள் எறியும்; ஆட்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். இழுக்கும்போது இரு ஓட்டுநர்களையும் தவிர எல்லோரும் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரமாவது பக்கவாட்டில் விலகி நிற்கவேண்டும்.